அசையாதது மட்டும்

உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்பதால் அவள் உட்காருவதே இல்லை. இடுப்பில் தொடங்கி இடது கெண்டைக்கால் வரைக்கும் ஒரு வலி, யாரோ ஈரப் போர்வையைப் பிழிகிற மாதிரி நாளெல்லாம் முறுக்கிக்கொண்டிருக்கும். நின்றால் பொறுக்கலாம், நடந்தால் மறக்கலாம், உட்கார்ந்து எழுந்தால் மட்டும் கண்ணில் பூச்சி பறக்கும். சலவை ஆலையில் நின்றே வேலை, வீட்டில் நின்றே சமையல், சாப்பாடும் மேடையில் தட்டை வைத்து நின்றபடிதான். ஆகவே அந்தப் படத்தில், சன்னலோர நாற்காலியில் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தபோது, அது தானல்ல என்பது அவளுக்கு உடனே தெரிந்தது.

“நீங்கதானேக்கா இது?” என்றான் குடுமி.

“ஆமா” என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. மறுத்துப் பேசுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

குடுமி, நூலகத்துப் பின்னறையில் வாரம் ஒருநாள் சாயங்காலம் புகைப்படம் எடுக்கச் சொல்லித்தருகிறவன். தலைமயிரைப் பின்னால் இழுத்துக் கட்டியிருப்பான். அவள் வயதில் பாதிதான் இருக்கும். அங்கே அவளைத் தள்ளிக்கொண்டு போனவள் ரேடியோ. ஆலையில் போர்வை மடிக்க முனைக்கு ஒருவராக இரண்டு பேர் வேண்டும். எதிர்முனையில் நிற்கிறவளின் வாய் வேலை தொடங்கும்போது திறந்தால் சங்கு ஊதும்போதுதான் மூடும் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். “உம் புருஷன் படுத்த நாள்லேர்ந்து நீ மனுஷியாவே இல்லக்கா. வாரத்துல ஒரு பொழுது வேற எதையாச்சும் பாரு. இல்லேன்னா போர்வையோட உன்னையும் சேத்து மடிச்சு அடுக்கிருவேன்” என்று சொல்லிச் சொல்லியே கூட்டிப்போய்விட்டாள்.

கேமரா வாங்க வழியில்லாதவர்களுக்குக் குடுமி பால்மாவு டப்பாவில் ஒன்று செய்துகொடுத்தான். உள்ளே முழுக்கக் கறுப்புச் சாயம், பக்கத்தில் ஊசியால் குத்திய ஒரு துளை, துளைக்கு எதிரே வெளிச்சம் பட்டால் கறுக்கிற தாள். அவ்வளவுதான். துளைமேல் ஒட்டியிருக்கும் டேப்பைப் பிரித்து, டப்பாவை ஆடாமல் வைத்துவிட வேண்டும். வீட்டுக்குள் ஒரு படம் விழ அரைநாள் பிடிக்கும்.

“அதுக்குள்ள குறுக்க நெடுக்க நடக்கறவங்க யாரும் இதுல விழ மாட்டாங்க. அசையாதது மட்டும்தான் விழும்” என்றான்.

“அப்ப நாங்க ரெண்டு பேரும் இந்த ஜென்மத்துல விழமாட்டோம். எங்க முதலாளிய வைங்க, பளிச்சுனு விழுவாரு” என்றாள் ரேடியோ. பின்னறையே சிரித்தது.

அடுத்த விடுமுறை நாளில் அவள் டப்பாவை ஒரு முக்காலியில் வைத்துக் கட்டிலின் கால்மாட்டில் நிறுத்தினாள். அந்த அறையில் வேறென்ன இருக்கிறது? கட்டில், கட்டிலில் புருஷன், சன்னல், சன்னலோரம் ஒரு பிரம்பு நாற்காலி. லிஃப்ட் பழுதுபார்க்கப் போய்க் குழிக்குள் விழுந்தவன். கழுத்துக்குக் கீழே எதுவும் அசைவதில்லை, பேச்சும் இல்லை. தலை ஒரு தோள்பக்கம் சரிந்தே கிடக்கும். அன்று பூராவும் அவள் அந்த அறைக்குள் போய் வந்துகொண்டிருந்தாள். ஊட்டினாள், துடைத்தாள், விரிப்பு மாற்றினாள், சன்னல் கம்பியைக்கூடத் துடைத்தாள். அவனைப் புரட்டும்போது மட்டும் துளையைக் கையால் மூடிக்கொண்டு, பழையபடி மல்லாத்திய பிறகு விட்டாள்.

குடுமி பின்னறையில் தாளைக் கழுவிக் கொடுத்தான். படம் விழுந்துவிட்டது. அவள் மட்டும் விழவில்லை. அவ்வளவு நடைக்கும் தாளில் ஒரு தூசி இல்லை. அதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் தோன்றவில்லை. அப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. புருஷனின் மார்பின் மேல் மட்டும் போர்வை பனி படிந்ததுபோல மங்கிக் கிடந்தது.

“இங்க என்ன தம்பி, அழுக்கு ஒட்டியிருக்கு?”

“அழுக்கு இல்லக்கா, மூச்சு. நெஞ்சு ஏறி இறங்குதில்ல, அந்த ஒரு இடம் மட்டும் கலங்கிருச்சு.”

அவள் அந்தக் கலங்கலை விரலால் தொட்டாள். அவன் உயிரோடு இருக்கிறான் என்று இதுவரை எந்த டாக்டரும் இவ்வளவு தெளிவாக அவளுக்குச் சொன்னதில்லை.

அதற்குப் பிறகுதான் குடுமி நாற்காலியைக் காட்டிக் கேட்டது. “இவ்ளோ அழுத்தமா விழணும்னா பாதி நேரமாச்சும் ஆடாம உக்காந்திருக்கணும். நல்லா உக்காந்திருக்கீங்க.”

“குடுத்துவச்சவ” என்றாள் ரேடியோ.

வீட்டுக்கு வந்து விளக்கடியில் வைத்து மறுபடி பார்த்தாள். முகம் என்று சொல்ல ஒன்றுமில்லை, சாம்பல் நிறத்தில் ஒரு தலை, தோள், முழங்கால்மேல் வைத்த கைகள். நாற்காலிக்காலின் விளிம்பு எவ்வளவு தெளிவாக இருந்ததோ அவ்வளவு தெளிவாக இருந்தது அதன் மார்பின் விளிம்பும். அங்கே கலங்கல் இல்லை. அவள் படத்தைக் கவிழ்த்துவைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். பயம் வரவேண்டிய இடம் மரத்துப்போயிருந்தது. ஆலையில் கொதிநீர் பட்டுப் பட்டு அவள் விரல்நுனிகளுக்குச் சூடே தெரியாது, அதுபோலத்தான் இதுவும்.

அவளுக்கு இருந்த பயமெல்லாம் வேறு. புருஷனுடைய அக்கா போனில் சொல்லியிருந்தாள்: “அடுத்த தடவ நர்சு வந்து எடை பாக்கறப்ப அவன் இன்னும் இளைச்சிருந்தான்னா நான் நோயாளிங்க விடுதிக்குக் கொண்டுபோயிருவேம்மா. நீ குறுக்க நிக்கக் கூடாது. வேலைக்கும் போயிட்டு, பூட்டின வீட்டுல அவனத் தனியாப் போட்டுட்டு... நீயும்தான் என்ன பண்ணுவ.”

“நான் பாத்துக்கறேன் அண்ணி.”

“பாத்துட்டுத்தான் இருக்க. அவன் எலும்பு எனக்குப் போன்லயே தெரியுது.”

அந்த விடுதியின் போர்வைகள் அவள் ஆலைக்குத்தான் வெளுக்க வரும். எந்தக் கறை எவ்வளவு நாள் யாரும் பார்க்காமல் காய்ந்தது என்பதை அவள் தொட்டே சொல்லிவிடுவாள். அங்கே இவனை அனுப்பமாட்டாள். அவ்வளவுதான் அவளுக்கு வாழ்க்கையில் மிச்சமிருந்த பிடிவாதம். ஆனால் அவனோ கரைத்த சோற்றில் நாலு கரண்டி உள்ளே விட்டால் மூன்று கரண்டியைக் கடைவாய் வழியாக வெளியே விட்டுக்கொண்டிருந்தான். “முழுங்குங்க, இந்த ஒரு வாய் மட்டும், உங்க அக்கா வந்து தூக்கிட்டுப் போயிருவாங்க” என்று கெஞ்சுவாள். அவன் கண் மட்டும் அவளையே பார்க்கும். மூச்சு நடுவில் ஒருமுறை தடுக்கி, பிறகு மேலேறும். அந்தத் தடுக்கலைக் கேட்டபடிதான் அவள் தினமும் தூங்குவாள்.

வீட்டுப்பாடம் செய்து வருகிற ஒரே ஆள் என்று குடுமி அவளுக்கு ஒரு சிவப்பு பல்பும், படம் கழுவ இரண்டு புட்டி மருந்தும், கொஞ்சம் தாளும் கொடுத்திருந்தான். குளியலறைக் கதவிடுக்கில் பழந்துணி அடைத்துவிட்டால் அதுவே இருட்டறை. தாளில் வெளிச்சம் கறுப்பாகவும் இருட்டு வெளுப்பாகவும் எழுந்து வரும். அதைத் தலைகீழாகப் படிக்கப் பழகிக்கொண்டாள். விடியும் முன்னே கிளம்பும்போது டேப்பைப் பிரித்து வைத்துவிட்டு, வெளியே பூட்டிவிட்டுப் போவாள். மதியம் வந்து மூடுவாள்.

வெள்ளிக்கிழமைப் படத்தில் நாற்காலி சன்னலோரம் இல்லை. கட்டிலை ஒட்டி இழுத்துப் போட்டிருந்தது. அதில் உட்கார்ந்திருந்தது தலைகுனிந்து, படுத்திருந்தவனின் வாயருகே எதையோ கேட்பதுபோல இருந்தது.

அவள் ஈரக்கையோடு அறைக்குள் போய்ப் பார்த்தாள். நாற்காலி சன்னலோரம்தான் இருந்தது. பூட்டை ஆட்டிப் பார்த்தாள், சன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்தாள், கட்டிலடியில் குனிந்து பார்த்து நிமிரும்போது இடுப்பில் வெட்டிய வலியில் சுவரைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். தரை நேற்றுத் துடைத்த தரை. நாற்காலிக்கும் கட்டிலுக்கும் நடுவே இரண்டு மெல்லிய கீறல்கள் ஓடின. அவை பழைய கீறல்களாகவும் இருக்கலாம். எப்போதாவது கவனித்திருந்தால்தானே தெரியும்.

நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். அதன்மேல் மடித்த போர்வைகளை நெஞ்சு உயரத்துக்கு அடுக்கினாள். இப்போது எவனும் உட்கார முடியாது.

திங்கட்கிழமை மதியம் போர்வைகள் அடுக்கினபடியே இருந்தன. படத்தில் போர்வைகள் இல்லை. நாற்காலி காலியாக இருந்தது. கட்டிலில் புருஷன்மேல் இன்னொன்று படுத்திருந்தது, நெஞ்சுக்கு நெஞ்சு, முகத்துக்கு முகம், கால்விரலுக்குக் கால்விரல். கலங்கல் இரண்டுக்கும் நடுவே எங்கோ இருந்தது. அது எவனுடையது என்று தெரியவில்லை.

அவள் தாளை நாலாகக் கிழித்துக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். சோற்றைக் கரைத்துக்கொண்டு கட்டிலருகே போனாள்.

கரண்டி வருவதற்கு முன்பே வாய் திறந்தது.

கிண்ணம் பூராவும் இறங்கியது. ஒரு சொட்டுக் கடைவாயில் வழியவில்லை. கிண்ணத்தை வழித்து முடித்த பின்னும் வாய் திறந்தபடியே இருந்தது. அவள் போய் இன்னொரு கிண்ணம் கரைத்து வந்தாள்.

அதன்பிறகு வந்தவை நல்ல நாட்கள். அப்படித்தான் எல்லாரும் சொன்னார்கள். முதுகில் ஆறாமல் கிடந்த படுக்கைப்புண் ஆறிவிட்டது. கன்னத்தில் சதை பிடித்தது. நர்சு வந்து தூக்கி எடை பார்த்துவிட்டு, “என்னம்மா போடறீங்க சோத்துல, எனக்கும் கொஞ்சம் குடுங்க” என்றாள். சரிந்தே கிடந்த தலை நேராகிவிட்டதையும் அவள்தான் முதலில் கவனித்தாள். அது நல்ல அறிகுறி என்றாள். “உடம்பு சில்லுனு இருக்கு, ஒரு கம்பளி போடுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அண்ணி போனில் அழுதேவிட்டாள். “நான் என்னென்னவோ பேசிட்டேம்மா, மனசுல வச்சுக்காத.” விடுதிப் பேச்சு அதோடு நின்றது.

அவள் டப்பாவை அலமாரிமேல் ஏற்றிவைத்துவிட்டாள். போர்வைகளை எடுத்து உள்ளே வைத்து, நாற்காலியையும் பழையபடி திருப்பிப் போட்டாள். எதற்கு வீண் வம்பு.

சில விஷயங்கள் இருந்தன. கவனிக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டால் கவனிக்காமல் இருந்துவிடக்கூடியவை. கட்டிலில் புருஷனின் வாசனை குறைந்துபோயிருந்தது. தைலமும் வேர்வையும் மூத்திரமும் கலந்த, மூக்கு ஒரு வருஷமாகப் பழகிய அந்த வாசனை இப்போது சன்னல் பக்கமிருந்து வந்தது. அவள் நாற்காலியை வாசலில் போட்டுச் சோப்புநீரில் தேய்த்துக் கழுவிக் காயவைத்தாள். மறுநாளும் வந்தது. காற்றில்லாத நேரத்தில் பிரம்பு முனகும். வெயிலுக்குச் சுருங்குகிறது என்று நினைத்துக்கொண்டாள். கட்டிலில் இருந்தவனின் கண் இப்போது அவளைப் பார்ப்பதில்லை. கிண்ணத்தைத்தான் பார்த்தது. மூச்சில் தடுக்கல் போய்விட்டது. சீராக, கனமாக, ஆலையின் நீராவிக் குழாய்போல இழுத்து விட்டது. தூக்கம் வரவில்லை. தடுக்கலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தாள். எங்கோ மெலிதாக அது கேட்டதுபோலவும் இருந்தது. கட்டில் பக்கமிருந்து இல்லை.

“சதை போட்டிருக்காருன்னு சொல்றியே, ஒரு படம் எடுத்துட்டு வாயேன்” என்றாள் ரேடியோ, போர்வையின் மறுமுனையைப் பிடித்து இழுத்தபடி. “குடுமி நூலகச் சுவத்துல மாட்டப் படம் கேக்கறான். முன்னாடி இப்படி, இப்ப இப்படின்னு ரெண்டையும் பக்கத்துல மாட்டலாம். அழகு நிலையத்து போர்டு மாதிரி.”

“வேணாம்டி.”

“ஏன், கண்ணு பட்டுருமா? எங் கண்ணுக்கு அவ்ளோ சக்தி இருந்தா நான் ஏன் இங்க நிக்கறேன்?”

சனிக்கிழமை விடியுமுன் அவள் டப்பாவை இறக்கித் தாள் வைத்தாள். ரேடியோவுக்காக என்று சொல்லிக்கொண்டாள். உண்மையில் அவளுக்கு ஒரேயொரு இடத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. நெஞ்சின் மேல் அந்தக் கலங்கல். அதைப் பார்த்துவிட்டால் போதும், இன்று தூங்கிவிடலாம்.

மதியம் வந்து டேப்பை ஒட்டினாள். அடுப்படியில் சோற்றைக் கரைத்துக் கிண்ணத்தில் வைத்தாள், ஆறட்டும் என்று. குளியலறைக்குள் போய்க் கதவிடுக்கில் துணி அடைத்தாள். வெளியே பட்டப்பகல், தெருவில் யாரோ வண்டியைக் கிளப்பமுடியாமல் உதைத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே சிவப்பு. குழாய் சொட்டியது. மருந்தின் புளித்த நெடி தொண்டையில் ஏறியது. தாளைத் தட்டில் நழுவவிட்டு, தட்டை மெல்லச் சாய்த்துச் சாய்த்து ஆட்டினாள்.

முதலில் சன்னல் எழுந்தது, கறுப்பாக. பிறகு கட்டிலின் விளிம்பு. பிறகு விரிப்பு.

கட்டிலில் ஆள். நேராக நிமிர்ந்த தலை. போர்வை. போர்வையின் ஓரம் நெஞ்சைக் கடக்கிற இடம்.

கோடு கிழித்தாற்போல இருந்தது.

தாளை எடுத்து பல்புக்குக் கீழே பிடித்தாள். மருந்து முழங்கை வரை வழிந்தது. மடிப்பு ஒவ்வொன்றும் தெரிந்தது. அவள் கையால் தைத்த ஓரத்தையல்கூடத் தெரிந்தது. கலங்கல் இல்லை. அரைநாளில் ஒரு மூச்சு இல்லை.

காது கொடுத்துக் கேட்டாள். சுவருக்கு அந்தப்பக்கம்தான் அறை. சீரான கனத்த மூச்சு கேட்க வேண்டும்.

குழாய் சொட்டியது.

வேறொன்றும் கேட்கவில்லை.

தாளை மறுபடி பார்த்தாள். பார்க்காமல் விட்டிருந்த மூலையைப் பார்த்தாள். சன்னலோரம். நாற்காலி. நாற்காலியில் ஒரு ஆள். ஒடிசல். விலா எண்ணலாம்போல. தலை தோளில் சரிந்திருந்தது. விரல்கள் உள்ளே மடங்கியிருந்தன. அந்த விரல்களுக்கு நகம் வெட்டுவது அவள்தான்.

நெஞ்சில் ஒரு கலங்கல். மெலிசு. ஊதினால் போய்விடும்போல.

கதவைத் திறந்தாள். பகல் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. அடுப்படி மேடையிலிருந்து கிண்ணத்தை எடுத்தாள். கை தானாக எடுத்தது. நடைவழியில் நாலடி. அறை நிசப்தமாக இருந்தது.

வாசற்படியில் கால் வைத்தாள்.

கட்டிலில் மூச்சு தொடங்கியது.

ஒன்று. இரண்டு. சீராக. அவளுக்காக.

போர்வை ஏறியது. இறங்கியது. கண் கிண்ணத்தின் மேல் இருந்தது. வாய் திறந்தது. இவ்வளவு அகலமாக அது இதுவரை திறந்ததில்லை. உள்ளே பல்லும் நாக்கும் இருந்தன, அவனுடையவைதான். அதற்குப் பின்னால் டப்பாவுக்குள் இருப்பதுபோன்ற கறுப்பு.

அவள் நகரவில்லை. சன்னல் பக்கம் திரும்பினாள். நாற்காலியில் யாருமில்லை. வெயில் விழுந்துகொண்டிருந்தது. பிரம்புப் பின்னல் மட்டும் நடுவில் அமுங்கியிருந்தது. கொஞ்சமாகத்தான் அமுங்கியிருந்தது, அதிகம் கனமில்லாத ஒன்றின் கீழே. தைலமும் வேர்வையும் மூத்திரமும். அந்த இடத்திலிருந்து ஒரு மூச்சு எழுந்தது. நடுவில் தடுக்கியது. வெகுநேரம் தடுக்கியே நின்றது. பிறகு மேலேறியது.

கட்டிலில் வாய் இன்னும் அகலமாகத் திறந்தது. தாடையெலும்பு நழுவும் சத்தம் கேட்டது. அதற்கும் மேலே திறந்தது.

கிண்ணத்தின் சூடு அவள் கைக்குத் தெரியவில்லை. கரண்டியைத் தூக்கினாள். கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே அது அப்படியே நின்றது. சோறு கரண்டியிலிருந்து தரையில் சொட்டியது.

அந்தத் திங்கட்கிழமையிலிருந்து அவள் தன் புருஷனுக்கு ஒரு வாய்கூட ஊட்டவில்லை. அத்தனை வேளைச் சோறும் அவனுக்குப் பாக்கி.